நம்புறேல்லை, எண்டாலும்

எனக்கு மருமகளாக வரவிருந்த பெண்ணின் முகத்தை நான் முதன்முதலில் ஒரு தாச்சிச்சட்டி நல்லெண்ணெயில்தான் பார்க்கவேண்டும் என்று எங்கள் வீட்டில் முடிவாகியிருந்தது. நேரே பார்த்தால் நான் செத்துப்போவேனாம். ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில் பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் ஒன்பதாம் மாடி. கணினியில் வேலை செய்யும் மகன். பல்கலைக்கழகம் போய்வந்த தகப்பன். நல்லெண்ணெய் விட்ட கறியை அந்த நாளுக்குப் பிறகு நான் தொடுவதில்லை.

ஒழுங்காகச் சொல்லவேண்டும். இலங்கையில் நான் கணக்காய்வுத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். எண்ணுகிற பழக்கம் அங்கே பிடித்தது. ரொறன்ரோவுக்கு வந்து மகனோடு இருக்கத் தொடங்கியபோது எண்ணுவதற்கு ஒருவரும் ஒன்றும் தராததால் கண்டதையெல்லாம் எண்ணினேன். பஸ்ஸில் நிற்பவர்களை, லிஃப்ற் ஓடாத நாட்களை, றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் மற்றவனின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போகிறவர்களை. மருந்துக்கடையிலும் இதே கதைதான். மாதக் குளிசைகளை வாங்கியதும் அங்கேயே போத்தலைத் திறந்து மேசையில் கொட்டி எண்ணுவேன். பின்னால் நிற்கிற வெள்ளைக்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள். அங்கே வேலை செய்த தமிழ்ப்பிள்ளை ஒருத்தி மட்டும் சிரிப்பாள்.

“அங்கிள், ஒண்டு கூட இருந்தால் திருப்பித் தந்திட்டுப் போங்கோ.”

“குறைஞ்சால்?”

“குறைஞ்சால் நான் விழுங்கிப்போட்டன் எண்டு நினையுங்கோ. உங்களைப் பார்க்க எனக்கும் பிறசர் ஏறுது.”

இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடக் குறையவில்லை. சட்டையில் தன் பெயரை நான்கு ஆங்கில எழுத்தாகச் சுருக்கிக் குத்தியிருந்தாள். அவளைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது.

வேலை கணக்கில் என்றாலும் நான் படித்தது கணக்கல்ல. பல்கலைக்கழகத்தில் மேல்நாட்டுப் பழைய இலக்கியம் என்றொரு பாடம் இருந்தது. வகுப்பில் ஐந்து பேர். கிரேக்கரின் துன்பியல் நாடகங்களை ஆங்கிலத்தில் படித்துப் பரீட்சை எழுதினோம். அதனால் எனக்கு ஒரு சதப் பிரயோசனமும் வரவில்லை. ஆனால் நான் சொல்லும் அந்த மாரிகாலத்தில் எங்கள் பகுதி நூலகத்தில் புதன்கிழமைப் பின்னேரங்களில் ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர் அதே நாடகங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார். இலவசம், கோப்பியும் உண்டு. இருபது கதிரை போட்டிருந்தார்கள். பதினொரு பேர் வந்தோம். மூன்று பேர் கோட்டைக்கூடக் கழற்றாமல் தூங்கினார்கள்.

முதல் நாளே அவர் எடுத்தது விதியா மனித விருப்பமா என்ற கேள்வி. தன் பிள்ளையால் தனக்குச் சாவு என்று தெய்வவாக்குக் கேட்ட அரசன் ஒருவனின் கதையைச் சொன்னார். அவன் பச்சைக்குழந்தையைக் காட்டில் எறியச் சொல்கிறான். குழந்தை பிழைத்து, தகப்பனை அறியாமலே வளர்ந்து, வழியில் கண்ட கிழவனைத் தகப்பன் என்று தெரியாமல் கொல்கிறது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். “பாவம், எழுதியிருந்தால் அவன் என்ன செய்வான்?” என்றார் ஒரு கிழவி.

எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பிச் சொன்னேன்: “வாக்கு ஒருவரையும் பிடித்துத் தள்ளவில்லை அம்மா. அது சொன்னது ஒரே ஒரு வசனம். பிள்ளையை எறிந்தது தகப்பனின் கை. வீட்டில் வைத்து வளர்த்திருந்தால் பிள்ளைக்குத் தகப்பனின் முகம் தெரிந்திருக்கும்.” பேராசிரியை சந்தோஷப்பட்டார். அந்த நாடகங்களில் நடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஊர்க்கூட்டத்தைப் பற்றியும் சொன்னார். முதலில் பன்னிரண்டு பேர், பிற்காலத்தில் பதினைந்து. புத்தி சொல்வார்கள், பயப்படுவார்கள், அழுவார்கள். ஒருவரும் ஒரு கையை அசைக்கமாட்டார்கள். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கடிதப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் நாளெல்லாம் குந்தியிருக்கும் ஐந்து கிழவர்களை நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமைதான் மகன் தாயிடம் தனக்கொரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றான். அவனுக்கு இருபத்தொன்பது வயது. நண்பனின் கலியாணத்தில் கண்டு பழகியிருக்கிறான். பெண்ணுக்குத் தகப்பன் இல்லை. தாயோடு யூனியன்வில்லில் இருக்கிறாள். நான் நல்லது என்றேன். மனைவி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “குறிப்பைக் கேட்டு வாங்கு,” என்றாள்.

குறிப்பு என்றால் சாதகம். தாய்க்காரி அதைக் கொடுத்துவிட்டாள். அங்கேதான் எல்லாம் பிழைத்தது. பெண் பிறந்தது மூல நட்சத்திரத்தில். மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது என்பது எங்கள் சனத்துக்குப் பால்குடிக்கும்போதே ஊட்டிவிட்ட விஷயம். அதனால் மூலத்துப் பெண்ணைப் பெற்றவர்கள் பிறந்த நேரத்தை முன்னே பின்னே தள்ளி, வேறு நட்சத்திரத்துக்கு வேறு குறிப்பு எழுதுவித்து வைத்திருப்பார்கள். இந்தத் தாய் அதைச் செய்யவில்லை. உள்ளதை உள்ளபடி அனுப்பியிருந்தாள். என் மனைவிக்கு வந்த கோபத்தில் பாதி அதற்காகத்தான்.

“ஒரு பொய்க்குறிப்பு எழுதுவிக்கக்கூடத் தெரியாத சனம். எங்களை வில்லங்கத்திலை மாட்டிப்போட்டுதுகள்.”

பொய்யாக எழுதியிருந்தால் இவளுக்கு நிம்மதி. உண்மையைச் சொன்னதுதான் குற்றம். நான் தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன்.

சாத்திரியார் அஜக்ஸில் புதுவீடொன்றின் பேஸ்மென்றில் இருந்தார். மகன்தான் நானூற்றியோராம் நெடுஞ்சாலையால் எங்களைக் கொண்டுபோனான். தாயின் மனம் ஆறட்டும் என்று வந்தவன், உள்ளே வராமல் காரிலேயே இருந்தான். சாத்திரியாரிடம் கணினி இருந்தது. அச்சு இயந்திரம் கிரீச் கிரீச் என்று கட்டங்களை அடித்துத் துப்பியது. மேல்மாடியில் பிள்ளைகள் குதிக்க எங்கள் தலைக்கு மேல் தகரக் குழாய் அதிர்ந்தது. அவர் கடதாசியைப் பார்த்த நேரத்தைவிட என்னைப் பார்த்த நேரம் கூட.

“ஐயாவுக்கு என்ன வயசு?”

“அறுபத்தொன்பது.”

“பிறசர் இருக்கோ?”

“இருக்கு.”

“சீனி?”

“கொஞ்சம்.”

“அப்ப கவனமாத்தான் இருக்கவேணும்,” என்றார். இதைச் சொல்ல நட்சத்திரம் எதற்கு? பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் மனைவியைப் பார்த்துச் சொன்னார்: “மூலம், முதலாம் பாதம். தேப்பனையும் எடுத்திருக்குமே?”

“ஓம் ஐயா, அந்தாள் சண்டைக்குள்ளை செல் குண்டு விழுந்து செத்தது. பிள்ளைக்கு அப்ப பதினாலு வயசு,” என்றாள் மனைவி. அவள் குரலில் ஒரு திருப்தி இருந்தது.

திரும்பி வரும்போது காரில் நான் கேட்டேன்: “அந்தச் செல்லிலை செத்தது அந்தாள் மட்டுமில்லை. ஏழு பேர் எண்டு பெண்ணின்ரை தாய் சொன்னதாம். மிச்ச ஆறு பேருக்கும் வீட்டிலை மூலத்திலை பிள்ளையளோ?”

“உங்களோடை கதைக்கேலாது,” என்றாள் மனைவி.

மகன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். “அப்பா, நான் உதெல்லாம் நம்புறேல்லை,” என்றான். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த வெளியேறும் வழியின் பலகை கடந்துபோன பிறகு மெதுவாகச் சொன்னான்: “எண்டாலும்...”

அந்த ‘எண்டாலும்’ எப்படி முடியும் என்று காத்திருந்தேன். முடியவே இல்லை. அவன் இடது பக்கத்துச் சமிக்ஞையைப் போட்டு வழி மாறினான்.

நானும் அந்தக் காரில் ஒருவருக்கும் தெரியாமல் கோட்டுக்குள் கைவிட்டு நாடியைப் பிடித்துப் பார்த்தேன். எழுபத்தெட்டு. பிடித்த விரலை வெட்டி எறியலாம்போல இருந்தது.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நான் உயிரோடு இருக்கிற ஒரு மனிதனாக நடத்தப்படவில்லை. மனைவியின் தமையன் மார்க்கம் நகரத்திலிருந்து வந்தார். அவர் இலங்கையில் விஞ்ஞானம் படிப்பித்தவர். சோபாவில் சாய்ந்துகொண்டு தொடங்கினார்.

“மச்சான், நான் உதுகளை நம்புற ஆளில்லை எண்டு உமக்குத் தெரியும்தானே.”

“தெரியும். எண்டாலும்?”

“எண்டாலும், பிறகு ஏதும் நடந்தால் சனம் கேக்கும். அறிஞ்சிருந்தும் செய்தியள் எண்டு கேக்கும்.”

கீழ்த்தளத்துக் கிழவர்களுக்கும் விஷயம் போயிருந்தது. லிஃப்றுக்குக் காத்து நின்றால் ஐந்து பேரும் என்னை வடிவாகப் பார்த்தார்கள். “அண்ணை மெலிஞ்சு போனார்,” என்றார் ஒருவர், எனக்குக் கேட்கவே. “நாங்கள் நம்புறேல்லை, எண்டாலும் யோசிக்கவேணும்,” என்றார் மற்றவர். அந்த மாதத்தில் எட்டுப் பேர் இதே வசனத்தை என்னிடம் சொன்னார்கள். பிறத்தியார் சொல்லியனுப்பியதைச் சேர்க்கவில்லை. கிரேக்கன் வாக்கை நம்பினான். நம்பியும் அதை மீறப் பார்த்தான், ஓடினான், ஒளித்தான், தெய்வத்தோடு மல்லுக்கட்டினான். அழிந்தாலும் அதில் ஒரு மனிதன் இருந்தான். இங்கே ஒருவனும் நம்புவதில்லை, எல்லாரும் கீழ்ப்படிகிறார்கள். நம்பிக்கைகூட இல்லாத பயத்தைப் போல அசிங்கமான ஒன்றை நான் கண்டதில்லை.

நான் ஒரே முடிவாகச் சொன்னேன். “உயிர் என்ரை. எனக்குச் சம்மதம். அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

“உங்கடை உயிர் உங்களுக்கு மட்டும் சொந்தமே?” என்று மனைவி அழுதாள். அவள் அழுதது நடிப்பல்ல. நாற்பது வருடம் என்னோடு இருந்தவள். நான் இல்லாமற்போவதை நினைத்துத்தான் அழுதாள். அது எனக்கு விளங்காமல் இல்லை. விளங்கியது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பரிகாரத்தைச் சாத்திரியார் தொலைபேசியில் கண்டுபிடித்துச் சொன்னார். தகப்பனுக்கு ஆகாத நட்சத்திரத்தில் பிறந்த குழந்தையைத் தகப்பன் நேரே பார்க்காமல் எண்ணெயில் பார்க்கிற வழக்கம் ஊரில் உண்டு. அதை மருமகளுக்கும் செய்யலாமாம். அதுவரைக்கும் நான் அவளின் படத்தைக்கூடப் பார்க்கக்கூடாது. மகனின் அறையில் இருந்த படத்தை மனைவி முகம் கவிழ்த்து வைத்தாள். அந்தப் பெண் என்ன படித்தாள், எங்கே வேலை செய்கிறாள் என்று கேட்டால்கூட உதட்டில் விரல் வைத்தாள். மகனும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. குசினி மேசையில் பெரிய தாச்சியை வைத்து இரண்டு போத்தல் நல்லெண்ணெயை ஊற்றினார்கள். நான் கதிரையில் இருந்து குனிந்து அதைப் பார்க்கவேண்டும். பெண் என் பின்னால் வந்து நின்று தோளுக்கு மேலால் எட்டிப்பார்க்கவேண்டும். மனைவி கற்பூரம் கொளுத்தினாள். கூரையில் இருந்த புகை அபாயமணி உடனே அலறத் தொடங்கியது. விஞ்ஞானம் படிப்பித்தவர் கதிரையில் ஏறி நின்று விளம்பரப் பத்திரிகையால் அதற்கு விசிறினார். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார். அந்த அமளிக்குள் கதவு திறந்து ஆட்கள் வந்தது கேட்டது.

“குனியுங்கோ, குனியுங்கோ, திரும்பாதையுங்கோ!” என்றாள் மனைவி.

நான் குனிந்தேன். கறுத்த எண்ணெயில் முதலில் என் மூக்கு தெரிந்தது, பிறகு கூரை விளக்கு. அதற்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் முகம் வந்து நின்றது. நான் வாய் திறக்க முதலே அந்த முகம் வாயைத் திறந்தது.

“ஐயோ, அங்கிள்! நீங்களோ?”

மருந்துக்கடைப் பிள்ளை.

அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை. எங்கள் வழக்கத்தில் தகப்பனின் பெயர்தான் பிள்ளைக்குக் கடைசிப்பெயர். மகனின் கடைசிப்பெயர் என்னுடையது. என்னுடைய கடைசிப்பெயர் என் தகப்பனுடையது. குளிசைப் போத்தலில் முன்னுக்கு இருப்பது அதுதான். கனடாவின் கடதாசிகளில் நானும் என் மகனும் உறவில்லாத இரண்டு பேர்.

நான் திரும்பி அவளை நேரே பார்த்துச் சிரித்தேன். அந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்து எவ்வளவோ காலம். “இரண்டு வருசமா மாதாமாதம் இவவின்ரை முகத்திலை முழிக்கிறன். இவவின்ரை கையாலைதான் என்ரை உயிரே ஓடுது. எங்கை உங்கடை சாத்திரி? செத்தோ போனன்?”

மகன் முகத்தில் வெளிச்சம் வந்தது. மைத்துனர் கதிரையிலிருந்து இறங்கினார். முடிந்தது, பொய்த்துப்போனது, இனி யாரும் வாய் திறக்க வழியில்லை என்றுதான் நான் நினைத்தேன். மனைவி மட்டும் தாச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்ப,” என்றாள், “போன மாரியிலை உங்களுக்கு நெஞ்சு நோ வந்தது...”

அபாயமணி இன்னொரு தரம் கீச்சிட்டு ஓய்ந்தது. போன மாரியில் எனக்கு வந்தது வாய்வு. ஆஸ்பத்திரியில் நான்கு மணித்தியாலம் இருத்திவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் நான்கு தலைகள் மெல்லத் திரும்பி அந்தப் பிள்ளையைப் பார்த்தன. கூட வந்திருந்த அவள் தாயும் அதில் ஒருத்தி. சிரித்துக்கொண்டிருந்த பிள்ளையின் வாய் மூடிக்கொண்டது. வைத்த தேத்தண்ணீரை அவள் குடிக்கவில்லை.

பரிகாரம் செய்துவிட்டபடியால் மாட்டேன் என்று சொல்ல மனைவிக்கு வழியில்லை. தைமாதம் மோதிரம் மாற்றுவதாக முடிவாகியது. நான் வென்றுவிட்டேன் என்று எண்ணி அடுத்த புதன் நூலகத்தில் இரண்டு கோப்பை கோப்பி குடித்தேன்.

என் குளிசைகளை மனைவிதான் கிழமைக்கொரு தடவை ஏழு அறையுள்ள பெட்டியில் பிரித்துப் போடுவாள். ஒவ்வொரு இரவும் மூன்று: மகன் வேறு கடையில் வாங்கித் தரும் மஞ்சள் ஒன்று, மருந்துக்கடையின் சிறிய வெள்ளை இரண்டு. விழுங்குவதற்கு முன் நான் எண்ணுவேன். மூன்றும் இருந்தன. ஒரு நாளாவது குறையவில்லை.

மூன்றாம் கிழமை, நூலகத்திலிருந்து வந்து வாசலில் குனிந்து பனிச்சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தேன். நாடாவைப் பிடித்த வலது கை என்னுடையதாக இல்லை. கையைக் கூப்பிட்டேன், வரவில்லை. கம்பளம் முகத்தில் வந்து இடித்தது.

ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோது மகனும் மனைவியும் நின்றார்கள். டொக்டர் சின்னப் பொடியன். என் இரத்த அழுத்தத்தின் இலக்கத்தைச் சொல்லி, குளிசைகளை ஒழுங்காக எடுக்கிறேனா என்று கேட்டான். எண்ணி எடுக்கிறேன், ஒன்றும் தவறவில்லை என்றேன். அவன் நம்பவில்லை. இந்தக் குளிசையைத் திடீரென்று நிறுத்தினால்தான் இப்படி ஏறும் என்றான். மகன் அதைத் தாய்க்குத் தமிழில் சொன்னான். மனைவி மேற்கூரையைப் பார்த்தாள்.

“அம்மா?” என்றான் மகன்.

“அது வந்து... நான் நிப்பாட்டேல்லை.”

“அப்ப?”

“அந்தப் பிள்ளையின்ரை கையாலை வந்ததெண்டு மனம் கேக்கேல்லை. அதுகளைக் குப்பைக்குள்ளை போட்டிட்டு என்ரை வைற்றமினை வைச்சனான். அதுவும் சின்ன வெள்ளைதானே. இவர் எண்ணுவார், அதாலை கணக்காய்த்தான் வைச்சனான்.”

கணக்காய்த்தான் வைத்தாள். என்னைக் காப்பாற்ற அவள் செய்த வேலை என்னைக் கவிழ்த்துப் போட்டது. கட்டிலில் கிடந்தபடி எனக்கு அந்த அரசனின் நினைவு வந்தது. பிள்ளையைக் காட்டில் எறிந்த கையும், குளிசையை ஒன்பதாம் மாடிக் குப்பைக்குழாயில் போட்ட கையும் ஒரே கைதான். ஆனால் அந்த நாடகத்தின் முடிவில் மனிதர்கள் தாங்கள் செய்ததைக் கண்டு அலறுவார்கள். கண்டபின் பழையபடி இருக்க அவர்களால் முடியாது. இங்கே அலறல் வருமென்று ஐந்து நாள் கட்டிலில் காத்திருந்தேன்.

வந்தது என்ன தெரியுமா? மைத்துனர் தோடம்பழப் பையோடு வந்தார். நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியும். கட்டிலின் காலடியில் நின்று, என்னைப் பாராமல் தங்கையைப் பார்த்துச் சொன்னார்:

“நீ வேணுமெண்டே செய்தனீ? இல்லை. பின்னை உன்னை ஆர் அப்பிடிச் செய்விச்சது? அதுதான் அந்தக் கிரகம். நான் நம்புறேல்லை, எண்டாலும் யோசிச்சுப் பார்.”

மனைவியின் முகத்தில் உயிர் திரும்பியது. அவள் குளிசையை எறிந்ததும் இப்போது மூலத்தின் கணக்கில் சேர்ந்துவிட்டது. நான் கத்தினேன். நாக்கு இழுத்துக்கொண்டதால் பாதிதான் வெளியே வந்தது. தாதி ஓடிவந்து, எனக்கு அமைதி வேண்டும் என்று அவர்களை வெளியே அனுப்பினாள். அந்த ஆஸ்பத்திரியில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

மோதிரம் மாற்றுவது ஒத்திவைக்கப்பட்டது. எப்போதுவரை என்று கேட்டேன். “நீங்கள் முதல் எழும்புங்கோ அப்பா,” என்றான் மகன். எழும்பினேன். நடந்தேன். நாக்கும் சரியாகியது, வலது கையில் இரண்டு விரல் மட்டும் இன்றைக்கும் சொன்னதைக் கேட்பதில்லை. மறுபடி கேட்டேன்.

“அம்மாவின்ரை மனம் ஆறட்டும்.”

“நீ நம்புறியோ?”

“இல்லை அப்பா.”

“அம்மாதான் குளிசையை எறிஞ்சவ எண்டு உனக்குத் தெரியும்?”

“தெரியும் அப்பா.”

“பிறகு?”

“நாளைக்கு உங்களுக்கு ஏதும் நடந்தால்... நான் அவளைப் பார்க்கேக்கை எல்லாம்...” அவன் முடிக்கவில்லை. அவன் எதையும் முடிப்பதில்லை. அவனுக்குப் பள்ளிக்கூடக் காசும் பல்கலைக்கழகக் காசும் கட்டியதில் நான் ஒரு பாடத்துக்குக் கட்ட மறந்துவிட்டேன்போல.

குளிசை முடிகிற நாள் வந்தது. வேறு மருந்துக்கடையில் எடுத்து வைத்திருப்பதாக மனைவி சொன்னாள். நான் ஒருவருக்கும் சொல்லாமல் கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் பழைய கடைக்கே போனேன். அவள் நின்றாள். என்னைக் கண்டதும் கையில் இருந்த தட்டை வைத்துவிட்டு வந்தாள்.

“தனியவோ வந்தனீங்கள் அங்கிள்? உந்தப் பனிக்குள்ளை?”

“வீட்டிலை சொல்லேல்லை.”

“என்னட்டை வாங்கினது தெரிஞ்சால் திருப்பியும் எறிவா.”

“இனிப் பெட்டியை நான்தான் நிரப்புறது. ஒருத்தரும் தொடேலாது.”

அவள் சிரிக்கப் பார்த்தாள். வெள்ளைக் குளிசைகளைத் தட்டில் கொட்டி ஐந்தைந்தாக ஒதுக்கத் தொடங்கினாள். நானும் மனதுக்குள் கூடவே எண்ணினேன். இருபதில் நிறுத்தினேன்.

“பிள்ளை, நான் சொல்லுறன். நீங்கள் ரெண்டு பேரும் கட்டுங்கோ. நான் முன்வரிசையிலை இருந்து நேரே பார்க்கிறன். எண்ணெயும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம்.”

“நீங்கள் நேரே பார்ப்பியள் அங்கிள். எனக்குத் தெரியும். உங்கடை மகன் பார்ப்பாரோ?” அவள் கை நிற்கவில்லை. இருபத்தைந்து, முப்பது. “நம்புறேல்லை, எண்டாலும் அப்பாவுக்கு வடிவாச் சுகமாகுமட்டும் பொறுப்பம் எண்டார். நான் கேட்டன், சுகமாகுமட்டுமோ, இல்லாட்டி முடியுமட்டுமோ எண்டு. அவர் கார்த் திறப்பைத் தேடத் தொடங்கினார்.”

“அவன் ஒரு விசரன். நான் கதைக்கிறன்.”

“வேண்டாம் அங்கிள். நீங்கள் தொண்ணூறு வயசிலை போனாலும் நான்தான் கொண்டது. ஒரு பிள்ளை பிறந்து அதுக்குக் காய்ச்சல் வந்தாலும் நான்தான். அப்பாவைத் திண்டவள் எண்டு கேட்டுக் கேட்டுத்தான் நான் வளர்ந்தனான். ஒராளோடை காணும், போதும்.” ஐம்பத்தைந்து, அறுபது. “நேற்று அவரிட்டைச் சொல்லிப்போட்டன்.”

“என்னெண்டு?”

“வேண்டாமெண்டு.”

குளிசைகளைப் போத்தலில் இட்டு மூடி என் முன்னே வைத்தாள். கண் கலங்கியிருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கண்ணாடி என் சட்டைப்பையில் இருந்தது. ஆனால் குரல் ஆடவில்லை. எங்கள் வீட்டிலும் அவர்கள் வீட்டிலும் இந்த விஷயத்தைத் தொட்ட அத்தனை பேரையும் கிரகம் பிடித்து இழுத்ததென்றால், அவளை மட்டும் அது இழுக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒருவரும் குறிப்புப் பார்க்கவில்லை. எழுதியிருந்தால் அவன் என்ன செய்வான் என்று நூலகத்தில் அந்தக் கிழவி கேட்டதற்கு நான் அன்றைக்கே இவளைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம்.

“எண்ணேல்லையோ அங்கிள்?”

எண்ணினேன். இரண்டு விரல் மடங்காததால் நேரமெடுத்தது. பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார். அறுபது இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது கீழ்த்தளத்தில் ஐந்து பேரும் இருந்தார்கள். சம்பந்தம் குலைந்ததை மகன் தாய்க்குச் சொல்ல, தாய் இவர்களில் யாருடையவோ மனைவிக்குச் சொல்லியிருக்கவேண்டும். “அண்ணை தப்பிவிட்டார்,” என்றார் ஒருவர். “முகத்திலை ஒரு தெளிவு வந்திருக்கு,” என்றார் மற்றவர். லிஃப்ற் வேலை செய்யவில்லை. அவர்களோடு நிற்கப் பிடிக்காமல் வலது கையால் கம்பியைப் பிடிக்க முடியாத நான் ஒன்பது மாடியும் நடந்து ஏறினேன். என்னைக் கொல்ல எந்த நட்சத்திரமும் தேவைப்பட்டிராது.

மகனின் அறைக்கதவு சாத்தியிருந்தது. படம் இன்னும் கவிழ்ந்தபடியே கிடந்ததா, எடுத்துவிட்டானா என்று நான் பார்க்கவில்லை. மனைவி குசினிப் பக்கத்துச் சாமித்தட்டின் முன்னால் நின்றாள். குளித்துத் திருநீறு பூசியிருந்தாள். முகம் கழுவித் துடைத்த கண்ணாடிபோல இருந்தது.

“பாத்தியளே,” என்றாள். “கண்டம் கழிஞ்சுது. சாத்திரியார் சொன்னதுபோலத்தான். அந்தச் சம்பந்தம் விலகினவுடனை உங்களுக்கு எல்லாம் சுகமாகுது.”

குத்துவிளக்கின் ஐந்து முகமும் எரிந்தது. வழக்கமாக அவள் ஒன்றுதான் ஏற்றுவாள். விளக்கடியில் இருந்த போத்தல்களைப் பார்த்தேன்: இரண்டு. ஒன்று வெறுமை, மற்றது நிறைய. என்ன எண்ணெய் என்று கேட்டேன்.

“அண்டைக்குத் தாச்சியிலை விட்டதுதான். வடிச்சு எடுத்து வைச்சனான். கொட்ட மனம் வருமோ? நல்ல எண்ணெய்.”

என் குளிசைகளை ஒரு சொல்லும் இல்லாமல் குப்பைக்குழாயில் கொட்ட மனம் வந்தவளுக்கு எண்ணெயைக் கொட்ட மனம் வரவில்லை. அந்த மாரி முழுவதும் ஒவ்வொரு பின்னேரமும் வீடெல்லாம் அந்த மணம். சன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் எண்ணெய். மாசி முடிந்து பங்குனி பிறந்தபோதும் போத்தலில் கால்வாசி மிச்சம் இருந்தது.